ஷிப்ட் மணியும் இடுப்பளவும்

விடியற்காலை ஐந்து மணிக்கே வாலாஜாபாத்தில் டீக்கடைகள் திறந்துவிடுகின்றன. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சின்னப் பையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களில், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தென்னேரிப் பாசனத்தில் நெல் போட்ட வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஒரு பஸ் ஒரகடம் போகும், இன்னொன்று வல்லம் வடகாலுக்கு, வேறொன்று சுங்குவார்சத்திரத்துக்கு. ஏழு மணிக்கு மேல் இதே பஸ்கள் நைட் ஷிப்ட் முடித்தவர்களைக் கொண்டுவந்து இறக்கும். இறங்கியதும் பலர் நேரே போகுமிடம் மறுபடியும் அதே டீக்கடைதான். ஒரு டீ, இரண்டு வடை, பிறகு வெயிலில் தூக்கம்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரும், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசியும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் காரும் வெளிவரத் தொடங்கின. நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது, மற்றவை பெருகின. முதல் அலையில் இருபது வயதில் ட்ரெய்னியாகச் சேர்ந்தவர் இன்று ஐம்பதை நெருங்குகிறார். இந்தத் தொழில்வட்டத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் முதலீடு, ஏற்றுமதி, வேலைவாய்ப்பு என்றே ஓடுகிறது. அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அவர்களுடைய ரத்தப் பரிசோதனைத் தாள்களில்தான் அது முதலில் தெரிகிறது. சுகர் 108, பி.பி. 134/88, ட்ரைகிளிசரைடு 190 என்று ஒரு தாள் வந்தால், எதுவும் பெரிதாகக் கெட்டுவிடவில்லை, எதுவும் சரியாகவும் இல்லை என்று பொருள். “எல்லாம் பார்டர்லதான் இருக்கு, பாத்துக்கங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இந்த ‘பார்டர்’கள் ஒன்றுசேர்ந்து நிற்பதைத்தான் மருத்துவம் வளர்சிதைமாற்ற நோய்த்தொகுப்பு, அதாவது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறது. ஐந்து அளவுகளில் மூன்று கெட்டிருந்தால் போதும்: பெரிய இடுப்பளவு, ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழ். ரத்த அழுத்தம் 130/85க்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல். 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் இவற்றுக்கு அடியில் இருப்பது இன்சுலின் சொன்ன பேச்சை உடல் கேட்காமல் போவதுதான் என்று வாதிட்டு, ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயரிட்டார். அவருடைய பட்டியலில் தொப்பை இல்லை. அது பின்னால் வந்து சேர்ந்தது, நம்மவர்களைப் பொறுத்தவரை தலைமை இடத்தையும் பிடித்துக்கொண்டது.

அமெரிக்க வரையறை ஆணுக்கு 102 செ.மீ. இடுப்பை அனுமதிக்கிறது. 2005இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசியர்களுக்கு வைத்த வரம்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. அங்குலத்தில் சொன்னால் முறையே முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. பேன்ட் சைஸை வைத்து இதைக் கணிக்க முடியாது. நம் ஆண்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள். 34 சைஸ் பேன்ட் போட்டவரின் இடுப்பு நாடாவில் 39 காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவைச் சுற்ற வேண்டும். தையல்காரரிடம் இருக்கிற அதே நாடா போதும். கடையில் விற்கிற எந்தச் சோதனையையும்விட மலிவான இந்தச் சோதனையைப் பல மருத்துவ முகாம்களில் செய்வதே இல்லை. எடையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

எடை ஏன் போதாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற படம் உண்டு. புணேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது, 2004இல் லான்செட்டில் வந்தது. இருவருக்கும் உடல்நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மூரில் “சுகர் வர்ற உடம்பா இது?” என்று வியக்கப்படும் ஒல்லி ஆட்களின் கதையும் இதுதான்.

இந்தப் பெயரே தேவையா என்ற சண்டையும் நடந்திருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் 2005இல் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன: தனித்தனி நோய்களைக் கவனித்தாலே போதும், சேர்த்து ஒரு முத்திரை குத்துவதால் கூடுதல் பயன் இல்லை. மருத்துவருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் எல்லாமே பார்டரில் நிற்கும் ஒரு தொழிலாளிக்கு, தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் மாத்திரை கிடையாது, சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். அதனால் இந்தப் பகுதியில் அந்த முத்திரைக்கு வேலை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எவ்வளவு பேருக்கு இருக்கிறது? சென்னை நகர–கிராம நோய்ப்பரவல் ஆய்வு, அதாவது டாக்டர் வி. மோகன் குழுவின் ‘க்யூர்ஸ்’, சர்வதேச வரையறைப்படி நகரத்துப் பெரியவர்களில் 25.8 சதவீதம் என்று கண்டது. 2020இல் தமிழ்நாடு அரசு நடத்திய ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் 33.9 சதவீதத்தினருக்கும் நீரிழிவு 17.6 சதவீதத்தினருக்கும் இருந்தன. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை மிகுந்தவர்கள். நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்கு ரத்தசோகை. ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருப்பது அபூர்வம் இல்லை. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

நிற்பது நடை ஆகாது

ஆலைத் தொழிலாளியிடம் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் வருகிற முதல் பதில் ஒன்றுதான். “எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டேதான் சிஸ்டர் இருக்கேன், இதுக்கு மேல என்ன நடக்கச் சொல்றீங்க?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டிய சுகாதார உரைகளோ அலுவலகத்துக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. லிஃப்டில் போகாதீர்கள், படியேறுங்கள் என்பார்கள். ஒரே தளமாக நீண்டு கிடக்கிற ஆலைக் கூடத்தில் லிஃப்ட் எங்கே, படி எங்கே?

கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு 2021இல் வெளியிட்ட முடிவு இந்தக் கேள்விக்கு நேர்ப்பதில். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு மாரடைப்பு போன்றவை குறைந்தன. வேலையில் உடலை அதிகம் வருத்தியவர்களுக்கு அவை கூடின. வறுமை, புகை, மது போன்ற வேறு காரணங்கள் முழுதாகக் கழிக்கப்படவில்லை என்று மறுப்பவர்கள் உண்டு, அந்த மறுப்பிலும் பொருள் இருக்கிறது. ஆனால் உடலியங்கியல் ஒத்துப்போகிறது. விறுவிறுவென்று இருபது நிமிடம் நடந்தால் இதயத் துடிப்பு ஏறி, பிறகு இறங்கி, உடல் தேறுகிறது. கன்வேயர் முன்னால் எட்டு மணி நேரம் நின்று ஒரே திருகை முடுக்கினால் துடிப்பு பயிற்சியளவுக்கு ஏறுவதும் இல்லை, ஓய்வளவுக்கு இறங்குவதும் இல்லை. காலில் ரத்தம் தேங்குகிறது, முதுகு பிடிக்கிறது, தசை வளர்வதில்லை. அந்தக் களைப்பு உண்மை. அது பயிற்சி இல்லை என்பதும் உண்மை. இதைக் குற்றம் சாட்டும் தொனியில் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் எல்லோரும் ஓடியாடி உழைத்தார்கள், நோயே இல்லை என்ற பாட்டுக்கும் இங்கே ஆதாரம் குறைவு. காஞ்சிபுரம் வட்டாரத்துக் குழித்தறியில் உட்கார்ந்த நெசவாளிக்குக் காலும் கையும் ஓடின, இடுப்பு அசையவில்லை. அவருக்கு இல்லாதது மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு, நாளைக்கு ஐந்து டீ, விடிய விடிய வேலை.

தட்டில் இருப்பது

கேன்டீன் தட்டை உற்றுப் பார்க்கலாம். எஃகுத் தட்டின் பெரிய பள்ளத்தில் வெள்ளைச் சோறு குவியலாக விழுகிறது, மேலே சாம்பார். சின்னப் பள்ளங்களில் ஒரு கரண்டி பொரியல், ஒரு கரண்டி கூட்டு, ஓர் அப்பளம், ஊறுகாய். ரசத்துக்கும் மோருக்கும் இரண்டாவது, மூன்றாவது சுற்றுச் சோறு. சோற்றுக்கு அளவில்லை, கூட்டுக்கு அளவுண்டு. பரிமாறுபவர் சோற்றுக் கரண்டியைத் தாராளமாகவும் கூட்டுக் கரண்டியைச் சிக்கனமாகவும் பிடிப்பது அவருடைய குணம் இல்லை. ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று எடுத்த ஒப்பந்தம் அப்படிப் பிடிக்க வைக்கிறது. அரிசிதான் மலிவு.

வீட்டிலும் அதே கணக்குதான். 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு மாதத்துக்கு ஒரு கிலோ, முப்பது ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர். பசியை ஒழித்ததில் இந்தத் திட்டத்துக்கு ஈடில்லை, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு என்பது தட்டில் என்னவாகும் என்று யாரும் கணக்குப் போடலாம்.

முந்நூறு கிராம் வெந்த சோறு, அதாவது சுமாரான இரண்டு சுற்று, ஏறக்குறைய 390 கலோரி. அதில் மாவுச்சத்து 84 கிராம், புரதம் 8 கிராமுக்குச் சற்று மேல். க்யூர்ஸ் ஆய்வில் சென்னைவாசிகளின் கலோரியில் கிட்டத்தட்ட பாதி, 46.9 சதவீதம், தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. பெரும்பாலும் வெள்ளை அரிசி. அதை மிக அதிகம் தின்ற கால்பங்கினருக்கு, மிகக் குறைவாகத் தின்றவர்களைவிட நோய்த்தொகுப்பு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு என்பதால் அரிசிதான் காரணம் என்று இது நிரூபிக்காது, சந்தேகப்படுவதற்குப் போதுமானது. பொன்னி அரிசியின் சர்க்கரை ஏற்றும் குறியீடு 70, சோனா மசூரியுடையது 72 என்று சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் அளந்திருக்கிறது. உயர் வகை என்பது 70இலிருந்து தொடங்குகிறது.

அப்படியென்றால் கைக்குத்தல் அரிசிக்கு மாறினால் தீர்ந்ததா? இங்குதான் பத்திரிகை மருத்துவக் குறிப்புகளுக்கும் ஆய்வுகளுக்கும் வழி பிரிகிறது. சில நாள் சோதனையில் தீட்டாத அரிசி சர்க்கரை ஏற்றத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. பிறகு சென்னையில் 166 பேருக்கு மூன்று மாதம் வெள்ளை அரிசி, மூன்று மாதம் தீட்டாத அரிசி கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. நோய்த்தொகுப்பு ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சிறிது இறங்கியது. நாடு முழுவதற்குமான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தபோது சிறுதானியப் பிரியர்களுக்கு இன்னொரு ஏமாற்றம். இந்தியர் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். வெள்ளை அரிசியைக் கோதுமை மாவாகவோ கேழ்வரகு, கம்பு மாவாகவோ மாற்றி, அளவை அப்படியே வைத்தால் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் வைத்தபோதுதான் குறைந்தது. அதே குழு 2022இல் போட்ட கணக்கு, மாவுச்சத்தை ஐம்பது, ஐம்பத்தைந்து சதவீதத்துக்கு இறக்கிப் புரதத்தை இருபதுக்கு அருகில் ஏற்றச் சொல்கிறது.

ஆக, மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் சுகர் ஏறாது என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். கேழ்வரகுக் கூழைக் குடம் குடமாகக் குடிப்பதும் மருந்தில்லை. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிய எந்தத் தானியமும் வேகமாகவே செரிக்கும். தட்டில் செய்ய வேண்டியது பண்டமாற்று. மூன்றாவது சுற்றுச் சோறு போகட்டும், அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வரட்டும். நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலையில் ஒன்பது கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராம். காராமணி, பச்சைப்பயறு, மொச்சை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். கோயில் பிரசாதமாகவும் கடற்கரைத் தின்பண்டமாகவும் வாழ்கிற சுண்டல் ஏன் சாப்பாட்டுத் தட்டில் ஒரு இடம் பிடிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். தட்டில் கூட்டையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருவதும் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். காசு செலவில்லாத மாற்றம்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு ஐந்து டீ என்றால் நாற்பது, ஐம்பது கிராம் சர்க்கரை டீயிலேயே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்ச அளவே அதுதான். ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்லப் பழகுவது ஒரு வாரத்து வேலை. உப்புக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் கணக்கு. டாஸ்மாக் கணக்கு தனி, மது ட்ரைகிளிசரைடையும் ரத்த அழுத்தத்தையும் ஒருசேர ஏற்றும். சனிக்கிழமை இரவு மட்டும்தானே என்பவர்களின் ட்ரைகிளிசரைடைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

ராத்திரி ரெண்டு மணிச் சாப்பாடு

ஆலைப் பகுதியை மற்ற ஊர்களிலிருந்து பிரிப்பது ராத்திரி. உடலில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கணையம் பகலில் சுறுசுறுப்பாக இன்சுலின் சுரக்கும், நள்ளிரவில் மந்தமாகும். அந்த நேரத்தில் உண்ட அதே இட்லி, பகலில் உண்டதைவிடச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். பாஸ்டனில் சாரா செல்லப்பாவும் ஃபிராங்க் ஷீரும் 2021இல் வெளியிட்ட சோதனை சிறியது, 19 பேர்தான், ஆனால் துல்லியமானது. ஆய்வுக்கூடத்துக்குள் நைட் ஷிப்ட் போலவே எல்லோரையும் விழிக்க வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. விழித்திருந்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை.

இதை ஒரகடத்துக்குக் கொண்டுவந்தால் அறிவுரை எளிது: ஷிப்டுக்குக் கிளம்புமுன் எட்டு, எட்டரைக்கே முழுச் சாப்பாட்டை முடித்துக்கொள், நடு இரவில் சுண்டல், மோர், ஒரு பழம், வேண்டுமானால் ஒரு முட்டை, விடிந்ததும் சிற்றுண்டி. ஆனால் கேன்டீன் நள்ளிரவுக்கு மேல்தான் திறக்கிறது, திறந்தால் சோறும் சாம்பாரும்தான் இருக்கிறது, அதற்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்தாகிவிட்டது. பிடித்த காசுக்குச் சாப்பிடாமல் இருக்க யாருக்கு மனம் வரும்? ஷிப்டோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது. உடலின் கடிகாரம் ஒரு வாரத்தில் பழகத் தொடங்கும்போது அட்டவணை திரும்பிவிடும்.

தூக்கமும் உணவுக் கணக்கில்தான் சேர வேண்டும். 1999இல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். திடகாத்திரமான பையன்களின் சர்க்கரை கையாளும் திறன் வயதானவர்களுடையதைப் போல மந்தமாகிவிட்டது. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நான்கைந்து பேர் பங்கிட்ட அறையில், பகல் பத்து மணிக்குப் படுப்பவர் எத்தனை மணி நேரம் தூங்குவார்? இருட்டுத் திரை, ஒரு மின்விசிறி, அறையில் எல்லோரும் ஒரே ஷிப்டாக இருப்பது — இவை மருத்துவச் சீட்டில் எழுதப்படுவதில்லை, எழுதலாம்.

சென்னையில் நிரூபித்தவை

உணவும் பயிற்சியும் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வெளிநாட்டுச் சான்று முதலில் வந்தது. அமெரிக்க நீரிழிவுத் தடுப்புச் சோதனையில், நோய்த்தொகுப்பு இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு அது புதிதாக வருவதை வாழ்க்கைமுறை மாற்றம் 41 சதவீதம் குறைத்தது, மெட்ஃபார்மின் மாத்திரை 17 சதவீதம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேர். மூன்று ஆண்டில் சாதாரண அறிவுரை பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடை, உணவு மாற்றம் என்று தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபம் இல்லை. இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வாழ்க்கைமுறைக் குழுவில் எடை குறையவே இல்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. ஜிம்முக்குப் போய் மூன்று மாதத்தில் எடை குறையவில்லை என்று விட்டுவிடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தராசு அசையாவிட்டாலும் தசைக்குள் வேலை நடக்கிறது.

அதே குழு 2013இல் இன்னும் நமக்கு நெருக்கமான ஒன்றை வெளியிட்டது. வேலைக்குப் போகும் 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, பாதிப்பேருக்குக் கைப்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள்: நடந்தீர்களா, காய் சேர்த்தீர்களா என்ற வகை. இரண்டு ஆண்டில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கு நீரிழிவு, பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கு. ஓர் எஸ்.எம்.எஸ். என்ன செலவு? 2016இல் வெளிவந்த, வகுப்புகளாக நடத்தப்பட்டு தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் சேர்த்த டி–க்ளிப் சோதனையும் சென்னையில்தான். 32 சதவீதக் குறைவு. சென்னையின் ஆசியாட் காலனிவாசிகள் ஆய்வாளர்களின் விழிப்புணர்வுப் பேச்சுகளுக்குப் பிறகு தங்கள் சொந்தப் பணத்தில் பூங்கா ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14 சதவீதத்திலிருந்து 59 சதவீதத்தை நெருங்கினார்கள். அந்தக் காலனிக்காரர்களுக்குச் சொந்த வீடு இருந்தது, சங்கம் இருந்தது, கையில் காசு இருந்தது, மாலை ஆறு மணியும் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த நான்கில் எது இருக்கிறது என்று கேட்டால்தான் சென்னை ஆய்வு எவ்வளவு தூரம் வாலாஜாபாத்துக்குப் பொருந்தும் என்று தெரியும்.

பயிற்சி எவ்வளவு வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. இதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்த அரைமணிக்குள் பத்து, பதினைந்து நிமிட நடை, தசையே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் நேரம். சாப்பாட்டு இடைவேளை அரைமணி என்றால் கேன்டீன் வரிசை அதில் இருபது நிமிடத்தைத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம். அதனால் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தசைப் பயிற்சிதான் நம்மவர்கள் கைவிட்ட பாதி. தோப்புக்கரணம், தண்டால், சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது, எதற்கும் ஜிம் வேண்டாம். ஒல்லியாய்க் கொழுப்புச் சேர்ந்த உடலுக்கு நடையைவிட இது கூடுதலாகத் தேவை என்றுகூடச் சொல்வேன். சர்க்கரையைப் போட்டு வைக்க உடலில் உள்ள பெரிய கிடங்கு தசைதான்.

எங்கே நடப்பது? வண்டலூர்–வாலாஜாபாத் சாலை அகலமானது, லாரிகளுக்காக. அதன் ஓரத்தில் இருட்டில் நடக்கச் சொல்பவர் அங்கே ஒருநாள் நின்று பார்த்தவரில்லை. ஏரிக்கரை, பள்ளி மைதானம், பாலாற்றங்கரைத் தெருக்கள் இருக்கின்றன. 2023 நவம்பர் 4ஆம் தேதி அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நல்ல எண்ணம், மாவட்டத்தில் ஒரே இடம். விடுதிப் பெண்களுக்கோ மாலை இத்தனை மணிக்குள் உள்ளே வந்தாக வேண்டும். அவர்களுக்கு மொட்டை மாடியும் ஒரு ஸ்கிப்பிங் கயிறும்தான் மைதானம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அத்தனை இளம்பெண்கள் ஒரே வளாகத்தில் தங்கும்போது அங்கே ஒரு கபடிக் களமும், இரவிலும் திறந்திருக்கும் நடைபாதையும் சமையலறைக்குச் சமமான தேவை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரத்த அழுத்தம் 180ஐத் தொட்டவர், நடந்தால் நெஞ்சு இறுக்குகிறவர், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் பட்டினியும் ஓட்டமும் தொடங்கக் கூடாது. நைட் ஷிப்டில் சர்க்கரை தாழ்ந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் மயங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் சுண்டல் தின்றுவிட்டு பி.பி. மாத்திரையை நிறுத்துவதும் அதே வகைத் தவறு. எடைக்குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது இருந்த விலையில், இந்தத் தொழிலாளர்களுக்கு அவை செய்தி மட்டுமே.

கரண்டி யார் கையில்

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் கூட்டமாக நோயுற்று, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடி, ஜனவரி 12இல்தான் திறந்தது. அது கெட்டுப்போன உணவின் கதை, நோய்த்தொகுப்பின் கதை அன்று. ஆனால் ஒரு விஷயத்தை நாடே பார்த்தது: இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை முடிவு செய்பவர் இவர்கள் இல்லை, ஒப்பந்தக்காரர். வயிற்றுப்போக்கு ஒரே இரவில் தெரிந்துவிடும், சாலை மறியலாகும். ட்ரைகிளிசரைடு பத்து வருடம் சத்தமில்லாமல் ஏறும். அதற்காக யாரும் சாலையில் உட்கார்வதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது, மதிப்புக்குரிய வேலை. ஆனால் காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் அம்மா இருப்பார், மகன் ஆலையில் இருப்பான், அல்லது இருட்டறையில் தூங்குவான். இதை உணர்ந்துதான் 2024இல் பணியிடங்களுக்கே போகும் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017இலிருந்து 21,000 ரூபாயில் நிற்கிறது. அதற்குக் கீழே இருப்பவருக்கு மாதாந்திர மாத்திரை கிடைக்கும், வரிசையில் நிற்க லீவு கிடைக்குமா என்பது கேள்வி. மேலே போனவருக்கு கம்பெனி இன்ஷூரன்ஸ்; அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் காசு தரும், சேராமல் இருப்பதற்குத் தராது. பல ஆலைகளில் ஆண்டுக்கொருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். முடிவுத்தாள் ஃபைலுக்குப் போகிறது. ‘பார்டர்’ என்ற வார்த்தை மட்டும் தொழிலாளியிடம் வருகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் கட்டாயம் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை நூறாகக் குறைத்திருக்கிறது. வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள சின்ன உதிரிபாகக் கம்பெனிகள் பலவும் இனி இதற்குள் வரும். பழைய பிரிவிலேயே அதிகம் கவனிக்கப்படாத ஒரு வரி உண்டு. கேன்டீனை நடத்த ஒரு நிர்வாகக் குழு வைக்கவும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறவும் அது வழிசெய்தது. இப்படிப்பட்ட குழுவில் பொதுவாக எழும் புகார்கள் சாம்பாரில் தண்ணீர், சோற்றில் கல், கோழி எந்தக் கிழமை என்பவை. அடுத்த ஒப்பந்தம் போடுமுன் அதே குழு வேறு மூன்றைக் கேட்கலாம்: சோற்றுக்குப் பதில் பருப்பு, பயறுக்கு அளவில்லை என்று எழுதுவது, இரவுச் சாப்பாட்டை ஷிப்ட் தொடங்குமுன் ஒன்பதரைக்கே பரிமாறி, நள்ளிரவில் சிற்றுணவு மட்டும் வைப்பது, டீயில் சர்க்கரையைத் தனியே வைப்பது. முதலாவதற்குத் தலைக்குச் சில ரூபாய் கூடும், அதை யார் தருவது என்பதில்தான் பேரம் நடக்கும். மற்ற இரண்டுக்கும் ஒரு பைசா ஆகாது.